கோபுரம் தெரிந்தால் மட்டும் போதுமா?

('தலைநகரில் ஒரு மாலைப் பொழுது: எங்கே உட்காருவது?' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுளித்திருக்கும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திற்குப் பக்கத்தில் மது அருந்த எந்த இடம் நல்லது என்பதெல்லாம் தமிழ் நிகழ்ச்சியில் பேச வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்கு முன் பேசிய ஐயா அவர்களும் அதைத்தான் கேட்டார். "குடிக்காதே என்று சொல்லுங்கள், எங்கே குடிக்கலாம் என்று சொல்லாதீர்கள்" என்றார். கைத்தட்டலும் பலமாக வந்தது.

ஐயா அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்திற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. தோட்டப்புறத்தில் கள்ளுக்கடை நம் சமுதாயத்திற்குச் செய்த கேட்டை நாம் மறக்க முடியாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பின்னாளில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்து எத்தனையோ குடும்பங்களைச் சாய்த்தது. அந்தத் தலைமுறை போராடியது வீணாகக்கூடாது. ஆகவே குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இரட்டைக் கோபுரத்தைச் சுற்றியிருக்கும் அலுவலகங்களில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். கணக்காளர், பொறியியலாளர், வழக்கறிஞர், கணினித் துறை என்று உயர்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தார் கூடுகிறார்கள். வெளியூரிலிருந்து உறவினர் வருகிறார்கள், நகரைக் காட்ட வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு, பிரிவு உபசாரம், பிறந்த நாள் என்று ஏதாவது ஒரு காரணம் வருகிறது. அவர்களில் பலர் போகத்தான் போகிறார்கள். நாம் பேச மறுத்தால் அவர்கள் போவது நிற்காது. நம்மிடம் சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் போகிறவன்தான் சொல்லாமலேயே காரை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அதனால்தான் இதைப் பேச வேண்டும் என்கிறேன்.

காட்சிக்கு எத்தனை மதிப்பு?

முதலில் கோபுரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 452 மீட்டர் உயரம், 88 மாடி. 1999ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு தைப்பே 101 வரும்வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் நமக்கு இருந்தது. அந்த இடம் முன்பு சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடல். இன்று ஐம்பது ஏக்கர் பூங்கா, பேரங்காடி, தங்கும் விடுதிகள் என்று தலைநகரின் நடு வாசலாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு சின்னத்தின் பக்கத்தில் இருக்கும் மதுக்கூடம் எதை விற்கிறது? மதுவை மட்டுமா? இல்லை. சன்னலையும் சேர்த்து விற்கிறது. அதே பீரைச் சாதாரண வட்டாரத்தில் குடித்தால் ஒரு விலை, 33ஆவது மாடியில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தால் இன்னொரு விலை. அது ஏமாற்று வேலை அல்ல. அந்த இடத்தின் வாடகையும் அந்தக் காட்சியும் விலையில் சேர்ந்திருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் மனம் நோகாது. தெரியாமல் கொடுத்தால்தான் வயிறு எரியும்.

சரி, எங்கிருந்து பார்த்தால் கோபுரம் நன்றாகத் தெரியும்? பலர் நினைப்பது, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று. அது சரியில்லை. 452 மீட்டர் உயரமுள்ள ஒன்றை அடியில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உருவம் தெரியாது. கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். பூங்காவுக்கு எதிர்ப்புறம் டிரேடர்ஸ் விடுதியின் 33ஆவது மாடியில் இருக்கும் ஸ்கைபார் இவ்வளவு பெயர் வாங்கியதற்கு அதுதான் காரணம். நடுவில் நீச்சல் குளம், ஓரத்தில் சன்னலை ஒட்டிய இருக்கைகள், எதிரே பூங்காவுக்கு அப்பால் இரண்டு கோபுரங்களும் சேர்ந்து நிற்கும். ஆனால் சன்னலோர இருக்கைகள் எண்ணி வைத்தாற்போல் சில. முன்பதிவு செய்யாமல் வெள்ளி, சனி இரவில் போய் நின்றால் உள்ளே ஏதோ ஒரு மூலைதான் கிடைக்கும். காட்சிக்காகப் பணம் கொடுத்துவிட்டு மற்றவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மெனாரா 3 பெட்ரோனாஸ் கட்டடத்தின் 57ஆவது மாடியில் மரினிஸ் இருக்கிறது. அங்கே கோபுரத்தை மிக அருகில், ஏறக்குறைய தோளோடு தோள் நின்று பார்ப்பது போல் பார்க்கலாம். அது வேறு வகை அனுபவம். உடைக் கட்டுப்பாடும் உண்டு. காலணி, சட்டை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மெனாரா கே.எச். கட்டடத்தின் 34ஆவது மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தையே மாலையில் மதுக்கூடமாக்கிப் பெயர் வாங்கினார்கள். மேலே கூரை கிடையாது. கோபுரமும் கே.எல். டவரும் சேர்ந்து தெரியும். ஆனால் கோலாலம்பூரில் மாலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்தவெளி இடத்துக்குப் போவதானால் வானத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். போவதற்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்குத் திறந்திருக்கிறதா, தனியார் விருந்து ஏதும் இருக்கிறதா, நுழைவுக் கட்டணம் உண்டா, ஒரு மேசைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்காமல் போனால் ஒரு மாலை கெட்டுவிடும்.

இரண்டு கூட்டல் குறிகள்

அடுத்தது பணம். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். நம் பிள்ளைகள் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது குறி அரசாங்கத்தின் சேவை வரி, உணவுக்கும் பானத்துக்கும் ஆறு விழுக்காடு. ஒரு காக்டேல் 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கையில் வரும் கணக்கு ஏறக்குறைய 70 வெள்ளி.

நான்கு நண்பர்கள் போகிறார்கள், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று கணக்குப் போடுங்கள். எட்டு கிளாஸ், 480 வெள்ளி. கூட்டல் குறிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 560 வெள்ளி. அதில் ஒரு தட்டு சாப்பாடு கூடச் சேரவில்லை. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது. நான்கு பேரும் நல்ல சம்பளக்காரர்களாக இருந்தால் பரவாயில்லை. நால்வரில் ஒருவன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவன், ஊரில் தம்பி தங்கைக்குப் பணம் அனுப்புகிறவன் என்றால்? அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே கடன் அட்டையை நீட்டுவான். அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் தொகையில் அந்தச் சிரிப்பின் விலை குறையும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் யாரோ, அவர் கூட்டத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தர்மோபதேசம் இல்லை, நட்புக்கான மரியாதை.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மாலையில் 'ஹேப்பி ஹவர்' என்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். இரவு எட்டு அல்லது ஒன்பது மணி வரை விலை குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊரில் ஏழு, ஏழரை மணிக்குத்தான் பொழுது சாயும். ஆறரைக்குப் போய் உட்கார்ந்தால் பகல் வெளிச்சத்திலும் கோபுரத்தைப் பார்க்கலாம், வானம் சிவக்கும்போதும் பார்க்கலாம், விளக்கு எரியும்போதும் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு எழுந்து சாப்பிடப் போய்விடலாம். பத்து மணிக்கு மேல் வருகிறவர் அதிக விலை கொடுத்துப் பார்ப்பதை நீங்கள் குறைந்த விலையில் பார்த்துவிட்டு வருகிறீர்கள்.

ஆனால் இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்', 'ஐந்து பாட்டில் ஒரு வாளி' என்றெல்லாம் சொல்வார்கள். மிச்சப்படுத்துகிறோம் என்று நினைத்து, குடிக்க நினைத்ததை விட இரண்டு மடங்கு குடித்துவிடுவோம். வாளியில் ஐந்து பாட்டில் இருந்தால் அதைப் பகிர்ந்துகொள்ள ஐந்து பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு வாளி வாங்குவது மிச்சமே இல்லை.

கிளாசுக்குள் என்ன இருக்கிறது?

இளைஞர்களே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். "நான் பீர் மட்டும்தான் குடித்தேன்" என்று சொல்கிறீர்கள். ஒரு சின்ன பீர் டின், 330 மில்லி, ஐந்து விழுக்காடு என்றால் அதில் சுமார் 13 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. பெரிய பைண்ட் கிளாஸ் என்றால் சுமார் 22 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழிக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் அதே கிளாஸ் கூடுதலாக ஏறும். கட்டங்காப்பி குடித்தாலும், முகம் கழுவினாலும், குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலும் கல்லீரல் அவசரப்படாது. தூக்கம் கலையும், அவ்வளவுதான்.

இரண்டு பைண்ட் குடித்தவர் உடம்பில் 44 கிராம். அது முழுவதும் கழிய ஐந்து மணி நேரம் போல ஆகும். எட்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டு பைண்ட் குடித்தவர் பன்னிரண்டு மணிக்கு "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று சாவியை எடுத்தால், அவர் தெளிவாக இருப்பதாக நினைக்கிறார் என்பதுதான் உண்மை.

காக்டேல் விஷயம் இன்னும் மோசம். இனிப்பும் எலுமிச்சையும் கசப்பை மறைத்துவிடும். 'லாங் ஐலண்ட் ஐஸ் டீ' என்று பெயரைக் கேட்டால் தேநீர் போல் இருக்கும். அதில் தேயிலை கிடையாது. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, போதாததற்கு ஆரஞ்சு மணமுள்ள இன்னொரு மது. ஒரே கிளாசில் ஒரு கடையே இருக்கிறது. பெயர் தெரியாத பானம் என்றால் பரிமாறுபவரிடம் "இதில் என்னென்ன, எவ்வளவு ஊற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல இடத்திற்கு அடையாளமே அதுதான். கேட்டால் முகம் கோணாமல் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொண்டு வந்து வைப்பார்கள். போதும் என்றால் இன்னொன்று வாங்கச் சொல்லி நச்சரிக்க மாட்டார்கள்.

வயது விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பர் முதல் நம் நாட்டில் மது வாங்கச் சட்டப்படியான வயது 21. முன்பு போல் 18 அல்ல. அடையாள அட்டை கேட்கும் இடத்தைக் கண்டு கோபப்படாதீர்கள். கேட்காத இடத்தைக் கண்டுதான் சந்தேகப்பட வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மேல் மாடி மதுக்கூடத்துக்குப் போகும் முன் வெளியில் எங்காவது வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் பிழைப்பு தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று வந்தால் அதை வெறும் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வரி கட்டிய, முத்திரை உடையாத புட்டியிலிருந்து உங்கள் கண் முன் ஊற்றும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

யாரோடு போகிறோம்?

நம் அலுவலகம் மலேசிய அலுவலகம். மேசையில் மலாய் நண்பர் இருப்பார், சீன நண்பர் இருப்பார், சபரிமலைக்கு மாலை போட்டவர் இருப்பார், சைவ விரதம் இருப்பவர் இருப்பார். மதுக்கூடத்தைத் தவிர வேறு இடமே தெரியாது என்று ஒருவர் இடம் பிடித்தால், கூட்டத்தில் பாதிப் பேர் வராமலே போய்விடுவார்கள். முஸ்லிம் நண்பருக்கு அங்கே உட்காருவதே சங்கடம். அப்புறம் "அவர் நம்மோடு சேர்வதில்லை" என்று குறை சொல்வோம். நாம்தான் சேர முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

முழுக் குழுவும் கூட வேண்டுமென்றால் முதலில் எல்லோரும் சாப்பிடக்கூடிய இடத்தில் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு விருப்பப்பட்டவர்கள் மட்டும் தனியே போகட்டும். பதவி உயர்வு கொடுக்கும் மேலாளர் மதுக்கூடத்தில்தான் பேசுவார் என்ற நிலை வந்தால், குடிக்காத ஊழியருக்கு அநியாயம் நடக்கிறது என்று பொருள். மேலாளராக இருக்கும் நம்மவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒரு வாய் குடித்தால் என்ன?" என்று வற்புறுத்துவது நம்மிடம் இருக்கும் பெரிய வியாதி. குடிக்காதவர் எதற்காகக் குடிக்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. அவர் வீட்டில் ஒரு கதை இருக்கலாம். அப்பாவைக் குடிக்குக் கொடுத்த பிள்ளையாக இருக்கலாம். மருந்து சாப்பிடுகிறவராக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் பிடிக்காமலும் இருக்கலாம். மதுக்கூடத்தில் மது கலக்காத பானம் நல்லதாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு வண்ணம் பூசிக் கொடுக்கும் இடம் என்றால், குடிக்காத நண்பரை அங்கே மூன்று மணி நேரம் உட்கார வைப்பது தண்டனை.

பெண் பிள்ளைகள் போவதைப் பற்றியும் இங்கே ஒருவர் கேள்வி எழுப்பினார். போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? வேலை பார்க்கும் பெண், தன் காசில், தன் தோழிகளோடு போகிறாள். நான் கேட்பது அவளுக்கு அந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதுதான். மின்தூக்கியிலிருந்து இறங்கி வாடகைக் கார் ஏறும் இடம் வரை வெளிச்சம் இருக்கிறதா? யாராவது தொந்தரவு கொடுத்தால் ஊழியர்கள் வந்து நிற்பார்களா? கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்த் திரும்பினால், அந்தக் கிளாசைத் தொடாதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பக்கூடாது.

வீடு திரும்பும் வழி

இனி என் பேச்சின் முக்கியமான இடத்திற்கு வருகிறேன். காட்சியை விட, விலையை விட, பானத்தை விட முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எப்படி வீடு திரும்பப் போகிறோம்? அதை முடிவு செய்துவிட்டு அப்புறம் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. முன்பு 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று இருந்த வரம்பு இப்போது 50. மூச்சில் 35 மைக்ரோகிராம் என்று இருந்தது 22. வரம்பைத் தாண்டி ஓட்டினாலே, விபத்து ஏதும் நடக்காவிட்டாலும், முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன. உரிமம் குறைந்தது ஈராண்டுக்குப் பறிபோகும். குடித்து ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். இருபத்தைந்து வயதில் ஒருவன் உள்ளே போனால் நாற்பது வயதை நெருங்கும்போது வெளியே வருவான். அவன் வாழ்க்கை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மோதிக் கொன்றவர் யார்? பெரும்பாலும் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிய ஒரு மோட்டார் சைக்கிள்காரர். உணவு விநியோகம் செய்த பிள்ளை. அவர் வீட்டிலும் ஒரு தாய் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

இரட்டைக் கோபுர வட்டாரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. கே.எல்.சி.சி. எல்.ஆர்.டி. நிலையம் கோபுரத்தின் காலடியிலேயே இருக்கிறது. 2023 மார்ச் முதல் பெர்சியாரான் கே.எல்.சி.சி. எம்.ஆர்.டி. நிலையமும் வந்துவிட்டது. கார் இல்லாமலேயே போகலாம், வரலாம். காரே கொண்டு போகாதவன் காரை ஓட்டும் ஆசைக்கு ஆளாக மாட்டான். ஆனால் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், ஞாயிறுகளில் அதற்கும் முன்பே. போகும்போதே நிலையத்தில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தையே உங்கள் மாலைக்கு எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும், பணமும் மிஞ்சும்.

ரயில் போகாத ஊரில் இருப்பவர்கள் வாடகைக் காருக்கான பணத்தைப் போகும்போதே தனியாக எடுத்து வையுங்கள். மதுக்கூடத்துக்கு ஒதுக்கிய தொகையில் அது சேரக்கூடாது. பலர் என்ன செய்கிறார்கள்? முந்நூறு வெள்ளிக்குக் குடித்துவிட்டு, முப்பது வெள்ளி வாடகைக் காருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். நள்ளிரவில் கட்டணம் ஏறியிருக்கிறது என்று சொல்லிக் காரை எடுக்கிறார்கள். அந்த முப்பது வெள்ளியில்தான் உயிர் இருக்கிறது, அன்பர்களே.

கார் கொண்டுதான் போக வேண்டும் என்றால், ஓட்டுகிறவர் ஒருவர் ஒரு சொட்டும் தொடாதவராக இருக்க வேண்டும். குறைவாகக் குடிப்பவர் போதாது. அவருடைய சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் மற்றவர்கள் பணம் கொடுங்கள். அடுத்த முறை வேறு ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

கோபுரத்தைப் பார்க்கக் கிளாஸ் தேவையில்லை

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு கணக்குப் பார்த்துப் போவதற்குப் போகாமலே இருக்கலாமே?" என்றார். நல்ல கேள்வி. பல சமயம் அதுதான் சரியான பதிலும். கோபுரத்தைக் காட்ட வேண்டும், உறவினர் வந்திருக்கிறார் என்றால் மதுக்கூடம்தான் வழி என்று யார் சொன்னது? பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த பூங்கா இருக்கிறது. இரவில் வண்ண நீரூற்று ஆடும். நுழைவுக் கட்டணம் இல்லை. குழந்தைகளோடு, பாட்டி தாத்தாவோடு உட்காரலாம்.

2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சலோமா பாலத்தில் ஏறிப் பாருங்கள். வெற்றிலை அடுக்கு வடிவில், 69 மீட்டர் நீளத்தில், விளக்கு மாறிக்கொண்டே இருக்கும். அதன் நடுவில் நின்று பார்த்தால் கோபுரம் அப்படியே எதிரே நிற்கும். பாலத்தைத் தாண்டினால் கம்போங் பாரு. சூடாக நாசி லெமாக் சாப்பிட்டு ஒரு தே தாரிக் குடிக்கலாம். மலாய் நண்பர், சீன நண்பர், விரதம் இருப்பவர் என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாம், அவரவருக்கு ஏதாவது ஒன்று கிடைக்கும். நான்கு பேர் சாப்பிட்ட தொகை மேல் மாடியில் ஒரு காக்டேலின் விலையைத் தொட்டாலே அதிகம்.

இதைச் சொல்வதால் மேல் மாடிக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரு திருமண நாளுக்கு, ஒரு வெற்றிக்குப் போகலாம். ஒரு கிளாஸ் வாங்கி, மெதுவாகக் குடித்து, கோபுரத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டு வரலாம். அது நினைவில் நிற்கும். வாரம் தவறாமல் போய், எதைக் குடித்தோம் என்றே தெரியாமல் திரும்பினால், கோபுரம் எதிரே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிறைவாக

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எங்கே போகிறான், போகிறாள் என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். "எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன், அன்றைக்கு ஒன்றும் கேட்க மாட்டேன், மறுநாள் பேசுவோம்" என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு வாக்குறுதி, ஆயிரம் அறிவுரையை விட நல்ல வேலை செய்யும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எப்படித் திரும்புவோம்? கூட்டத்தில் எல்லோரும் சங்கடமில்லாமல் உட்கார முடியுமா? குறைந்த சம்பளக்காரரால் தாங்க முடியுமா? அந்த இடம் ஒழுங்கான இடமா, பாதுகாப்பான இடமா? கடைசியாக, கோபுரம் தெரிகிறதா? முதல் நான்குக்கும் பதில் சரியாக இருந்தால் ஐந்தாவதை ரசியுங்கள். முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால் எந்த மாடியில் எந்தச் சன்னலோரம் இடம் கிடைத்தாலும் போக வேண்டாம்.

கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்த அந்தத் தலைமுறை, நாம் நிமிர்ந்து வாழ வேண்டும் என்றுதான் போராடியது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று நாட்டின் உயரமான கட்டடங்களில் வேலை பார்க்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து பத்திரமாக இறங்கி வீடு வந்து சேரவும் கற்றுக்கொள்ளட்டும்.